“நீ மட்டும் குடிக்கலையாப்பா?”

வாடிப்பட்டி பக்கத்துல இருந்து ஒரு அப்பா எழுதியிருக்காரு. கடிதம் பெருசு. அடையாளம் தெரியுற மாதிரி இருந்தத எடுத்துட்டு முக்கியமானத மட்டும் அவரு வார்த்தையிலயே போடுறேன்.

“வணக்கம் மேடம். எனக்கு 42 வயசு, லேத் பட்டறை வச்சிருக்கேன். பையன் பிளஸ் ஒன், 16 வயசு. பொண்ணு எட்டாவது. போன மாசம் பாண்டி கோயில்ல எந்தங்கச்சி மகனுக்கு மொட்டை போட்டு காது குத்தி கிடா வெட்டுனோம். நான் தாய்மாமன், புள்ளைய மடியில வச்சு உக்காந்துட்டேன், அப்புறம் பந்தி, மொய்னு திரும்பிப் பாக்கவே நேரமில்ல. அந்த நேரத்துல எங்க அய்யா வேன் மறைவுல வச்சு பேரனுக்கு பேப்பர் கப்புல பிராந்தி ஊத்திக் குடுத்திருக்காரு. அதுக்கப்புறம் இவனும் இன்னொரு பயலும் சேர்ந்து மிச்சமிருந்ததையும் குடிச்சிருக்காய்ங்க. வீட்டுக்கு வந்து திண்ணையில வாந்தி எடுத்து மட்டையாயிட்டான். மல்லாக்கப் படுக்க வச்சு எலுமிச்சம்பழச் சாறு ஊத்துனோம். எம்பொண்ணுதான் வாளியில தண்ணி கொண்டாந்து எல்லாத்தையும் கழுவிவிட்டா. காலையில நான் பெல்ட்டால அடிச்சுப்புட்டேன். அடி வாங்கிட்டு அவன் கேட்டான், ‘நீ மட்டும் குடிக்கலையாப்பா, தாத்தாதான ஊத்திக் குடுத்தாரு’ன்னு. எனக்கு வாய் வரல மேடம். நான் சனிக்கிழமை ஒரு குவார்ட்டர் அடிப்பேன், நடுவுல ரெண்டு நாள் கட்டிங். எங்க அய்யாவுக்கு 71 வயசு, ‘நாங்க 15 வயசுலயே கள்ளு குடிச்சவைங்கதான், கெட்டா போனோம், ஆம்பளப் பய அப்படித்தான் இருப்பான்’ங்கிறாரு. எம்பொண்டாட்டி அவரோட பேசியே 12 நாள் ஆச்சு, பையன ஹாஸ்டல்ல போடுன்னு நிக்கிறா. சென்னையில இருக்க எங்க சினேகிதன், வீட்டுலயே உன் முன்னாடி கொஞ்சம் குடு, வெளிய போக மாட்டான்ங்கிறான். யார் சொல்றது சரி? அவனக் கேக்க எனக்கு தகுதி இருக்கா? எங்க குடும்பத்துல குடியால வேற யாருக்கும் பெருசா பிரச்சனை இல்ல, சித்தப்பா ஒருத்தரு மட்டும் 44 வயசுல மஞ்சக்காமாலையில போயிட்டாரு.”

தம்பி, உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். பெல்ட்டு, பிராந்தி, தகுதி எல்லாத்தையும் எழுதிட்டு கடைசியில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, சித்தப்பா மஞ்சக்காமாலையில போயிட்டாருன்னு, நான் அங்க இருந்துதான் ஆரம்பிக்கணும்.

மனநல ஆலோசகரா நான் இந்த வேலைக்கு வந்து 22 வருசமாச்சு. நம்ம ஊர்ப்பக்கம் குடும்பத்துல யாராச்சும் இளவயசுல போயிருக்காங்களான்னு கேட்டா பாதிப் பேரு சொல்ற பதில் மஞ்சக்காமாலை. அப்ப குடிப்பாரான்னு கேட்டா கொஞ்சம் தயங்கிட்டு, குடிப்பாரு, ஆனா அதனால இல்ல, கீழாநெல்லி குடுத்தோம் கேக்கலம்பாங்க. வயிறு வீங்கி, காலு வீங்கி, கண்ணு மஞ்சளாகி, ரத்தமா வாந்தி எடுத்துப் போனவங்க பல பேருக்கு குடியால ஈரல் சுருங்கிப்போனதுதான் காரணமா இருந்திருக்கும். காமாலைங்கிறது ஈரல் கெட்டதுக்கு அடையாளம், அதுவே வியாதி இல்ல. உங்க சித்தப்பாவ நான் பாத்ததில்ல, வைரஸ் காமாலையாக்கூட இருந்திருக்கலாம், அதனால அவருக்கு இதுதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா அவரு குடிச்சாரா, எவ்வளவு குடிச்சாரு, எந்த வயசுல ஆரம்பிச்சாருன்னு உங்க அய்யாவுக்குத் தெரியும். கூடப் பொறந்த தம்பில்ல. ‘நாங்க குடிச்சு கெட்டா போனோம்’னு சொல்றாரே, அந்த ‘நாங்க’ங்கிறதுல தம்பிய சேர்த்துத்தான் சொல்றாரான்னு அவருகிட்ட கேட்டுப் பாத்திருக்கீங்களா?

தப்பா எடுத்துக்காதீங்க, உங்க அய்யாவ குத்தஞ்சொல்ல இத எழுதல. பேரன் மேல பாசம் இல்லாத ஆள் இல்ல அவரு. பேரன் வளந்துட்டான், மீசை முளைச்சிருச்சு, அவன பெரியாம்பளைங்க கூட்டத்துல சேத்துக்கணும், அதுக்கு அவருக்குத் தெரிஞ்ச வழி கப்ப நீட்டுறதுதான். கருப்பசாமிக்கே சாராயமும் சுருட்டும் படைக்கிற ஊர்ல பொறந்து வளர்ந்தவரு, கிடாவெட்டுல சரக்கு இல்லைன்னா அது என்ன கிடாவெட்டுன்னு கேக்குற சொந்தபந்தத்துக்குள்ள இருக்கவரு. அவரு கையில இருந்து அந்தக் கப்ப வாங்கணும்னா வையாம கொள்ளாம அவரு நினைப்புல இருக்குற காலத்த கொஞ்சம் விரிச்சுப் பாக்கணும்.

71 வயசுன்னா அவரு 1954 வாக்குல பொறந்திருப்பாரு. நம்ம மாகாணம் முழுசுக்கும் மதுவிலக்கு வந்தது 1948ல, அத முதல்ல தளர்த்துனது 1971ல கலைஞர் ஆட்சியில. அப்ப உங்க அய்யாவுக்கு 17 வயசு. அவரு சொல்ற 15 வயசுங்கிறது 1969, அப்ப கள்ளு எறக்குறதே குத்தம். யாரோட தோப்புலயோ ஒளிஞ்சு, போலீசுக்குப் பயந்து, பெரியவங்க கண்ணுல படாம ஒரு கலயம் குடிச்சிருப்பாரு, அதுவும் மரத்துல ஊறுற நாள்லதான் கிடைச்சிருக்கும். 1971ல தொறந்தத ரெண்டு மூணு வருசத்துல திரும்ப மூடிட்டாங்க. 1981ல எம்.ஜி.ஆர் ஆட்சியில மறுபடி தொறந்தாங்க, 1987ல கள்ளுக்கடைய மூடுனவங்கதான், இன்னிக்கு வரைக்கும் தொறக்கல. கூட்டிப் பாத்தா உங்க அய்யா ஆயுசுல கள்ளு சட்டப்படி வித்த காலம் பத்து வருசங்கூட வராது. ‘எங்க காலத்துல எல்லாரும் குடிச்சோம்’னு அவரு நினைக்கிறாரு, ஆனா எல்லாருக்கும் எந்நேரமும் எட்டுற மாதிரி அது இருந்ததே இல்ல.

உங்க கதை வேற. 2003 கடைசியில டாஸ்மாக் சில்லறைக் கடைகள கையில எடுத்தப்ப உங்களுக்கு 20 வயசு. உங்களுக்கு அது வேலை முடிச்சு வர்ற வழியில இருக்க கடை, சம்பளத்துல ஒரு பங்கு, வாரக் கடைசி. உங்க மகனுக்கோ விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து ஊர் மூலையில பச்சை போர்டு இருந்துக்கிட்டே இருக்கு, கடை இல்லாத ஊரு எப்படி இருக்கும்னு அவனுக்குத் தெரியாது. ஒரே வீட்டுல மூணு பேரும் ‘குடி’ன்னு ஒரே வார்த்தையத்தான் சொல்றீங்க, ஆனா மூணு பேரும் மூணு வேற விசயத்தப் பேசுறீங்க. தாத்தா சொல்றது தோப்பு, நீங்க சொல்றது சனிக்கிழமை, அவன் கையில இருந்தது பிராந்தி.

இந்த அளவு விசயத்த நான் எப்பவும் ரூம்ல டம்ளர் வச்சு காட்டுவேன், உங்களுக்கு எழுத்துல சொல்றேன். நல்லாப் பொங்குன கள்ளுல சாராயச் சத்து நூத்துக்கு நாலு அஞ்சு பங்கு இருக்கும், ரொம்ப நேரம் வச்சிருந்தா கூடும். முன்னூறு மில்லி பிடிக்கிற ஒரு சொம்பு கள்ளுல சுத்தமான சாராயம் 12 கிராம் வரும். இங்க விக்கிற பிராந்தி பாட்டில்ல 42.8 சதவீதம்னு போட்டிருக்கும், அப்ப 180 மில்லி குவார்ட்டர்ல 61 கிராம் வருது. அதாவது ஒரு குவார்ட்டருங்கிறது அஞ்சு சொம்பு கள்ளு. அஞ்சு சொம்பு கள்ள ஒருத்தன் குடிச்சு முடிக்கணும்னா வயிறு இடம் குடுக்கணும், நேரமாகும், நடுவுல யாராச்சும் வந்து சத்தம் போடுவாங்க. பிராந்திய ஸ்ப்ரைட்ல கலந்தா பத்து நிமிசத்துல முடிஞ்சிரும். ஈரல் மணிக்கு ஏழுல இருந்து பத்து கிராம்தான் எரிக்கும், வேகமா எரின்னு அத வெரட்ட முடியாது, மோரு எலுமிச்சை காப்பி எதுவும் அதுக்கு உதவாது. ஒரு குவார்ட்டர் உடம்ப விட்டுப் போக ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். உங்க பையன் அம்பது கிலோ இருப்பானா? நீங்களும் அவனும் ஒரே அளவு குடிச்சாலும் அவன் ரத்தத்துல ஏறுறது உங்கள விடக் கூட.

கள்ளு நல்லதுன்னு சொல்றதா நினைச்சுக்காதீங்க. 2023 ஜனவரியில உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாவே சொல்லிருச்சு, எவ்வளவு குடிச்சாலும் பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு. உங்க அய்யாவோட கணக்கும் உங்க மகனோட கணக்கும் ஒண்ணு இல்லங்கிறதுக்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

வயசு ஏன் முக்கியம்னு கேப்பீங்க. பொறு, இது வேணாம், பின்னாடி என்னாகும்னு யோசிக்கிற மூளையோட முன்பகுதி 25 வயசு வாக்குலதான் முழுசா முத்துது. 16 வயசுல ‘ஜோர்’னு தோணுற பக்கம் நல்லா வேலை செய்யும், ‘போதும்’னு சொல்ற பக்கம் இன்னும் பாதிக் கட்டடம். 1997ல அமெரிக்காவுல வந்த ஒரு பெரிய ஆய்வுல 15 வயசுக்கு முன்னாடி குடிக்க ஆரம்பிச்சவங்க, 20 வயசுக்கு மேல ஆரம்பிச்சவங்கள விட நாலு மடங்கு அதிகமா குடிக்கு அடிமையானாங்கன்னு பாத்தாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சது மட்டுந்தான் காரணம்னு சொல்லிற முடியாது, வீட்டுல ஏற்கனவே குடி இருக்கிறது, ரத்தத்துல வர்றது எல்லாம் சேந்துதான், குடிக்கு அடிமையாகுறதுல பாதிக்குப் பாதி பரம்பரை. அதனாலதான் சித்தப்பாவப் பத்தி முதல்ல கேட்டேன். உங்க மகனுக்கு அவரு சின்னத் தாத்தா.

அப்ப உங்க அய்யாகிட்ட எப்படிப் பேசுறது? பொண்டாட்டிய முன்னாடி நிறுத்திப் பேசாதீங்க, மருமக முன்னாடி அவரு எறங்கி வர மாட்டாரு. பேரன் முன்னாடியும் வேணாம். காலையில டீக்குடிக்கப் போறப்பவோ, கம்மாக்கரைப் பக்கம் நடக்குறப்பவோ ரெண்டு பேரும் தனியா இருக்கப்ப சித்தப்பாவப் பத்திக் கேளுங்க. ‘அய்யா, சித்தப்பா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப யாரு கூட இருந்தது’ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க. என்னோட அனுபவத்துல அந்தத் தலைமுறை ஆம்பளைங்க அட்வைஸ் சொன்னா எந்திச்சுப் போயிருவாங்க, ஆனா செத்த தம்பியப் பத்திக் கேட்டா உக்காந்துருவாங்க. அவரு பேசி முடிச்சதும் ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, ‘அய்யா, உங்க பேச்ச அவன் கேப்பான், எம்பேச்சக் கேக்க மாட்டான், நான் ஊத்துனது தப்புடான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்’னு. அவர எதிரியாக்குறதுக்குப் பதிலா அவருகிட்ட ஒரு உதவி கேக்குறீங்க. தாத்தா வாயில இருந்து அந்த ஒரு வாக்கியம் வந்துருச்சுன்னா, நான் பத்து நாள் கவுன்சிலிங் குடுக்குறதுக்குச் சமம்.

அவரு அப்பவும் பிடிவாதமா இருந்தா சட்டத்தையும் சொல்லித்தான் ஆகணும். தமிழ்நாட்டுல 21 வயசுக்குக் கீழ விக்கவே கூடாது. அதோட 2015 சிறார் நீதிச் சட்டத்தோட 77வது பிரிவுல, 18 வயசுக்குக் கீழ உள்ள புள்ளைக்கு போதை தர்ற பானம் குடுத்தா ஏழு வருசம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம்னு இருக்கு. குடுக்குறது தாத்தாவா தாய்மாமனான்னெல்லாம் அதுல பாகுபாடு இல்ல. 78வது பிரிவு புள்ளைங்கள வச்சு சரக்க எடுத்துட்டு வரச் சொல்றதுக்கும் அதே தண்டனைங்குது. விசேச வீடுகள்ல ‘டேய் வேன்ல இருக்க பைய எடுத்துட்டு வா, அப்படியே வாட்டர் பாக்கெட்டும் கப்பும் வாங்கிட்டு வா’ன்னு சின்னப் பசங்களத்தான் அனுப்புறோம், பத்து வயசுல இருந்தே அனுப்புறோம். முதல் பாடம் அங்கயே நடந்துருது.

சரி, தகுதி. இதுதான் உங்களுக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுக்குற கேள்வின்னு எழுத்துலயே தெரியுது. தகுதி இருக்கு தம்பி. ஆனா உங்களப் பத்தி உண்மையச் சொன்னீங்கன்னாதான் இருக்கு. பெல்ட்ட கையில வச்சுக்கிட்டு அப்பான்னு நின்னா கிடையாது.

சில வருசத்துக்கு முன்னாடி ஒரு லோடு வேன் ஓட்டுறவரு மகனோட வந்தாரு, அந்தப் பையனுக்கும் இதே வயசுதான். அப்பாவ வெளிய உக்கார வைக்காம உள்ளயே வச்சு, உங்க குடியப் பத்தி மகன்கிட்ட ஒரு விசயம் சொல்லுங்கன்னேன். ரொம்ப நேரம் அவரு சாவிக்கொத்த விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாரு. அப்புறம் சொன்னாரு, ‘நீ ஒண்ணாப்பு படிக்கிறப்ப ஆண்டுவிழாவுல டான்ஸ் ஆடுன, நான் வந்தேன்னு சொன்னேன்ல, நான் வரலடா, பார்ல இருந்தேன்’னு. பையன் சட்டைப் பட்டன்ல இருந்த நூல இழுத்துக்கிட்டே தலையத் தூக்காம ‘தெரியும்ப்பா’ன்னான். பத்து வருசமா தெரிஞ்சே வச்சிருந்திருக்கான். அன்னைக்கு அதுக்கு மேல நான் ஒண்ணும் பேசல, ரெண்டு பேரும் ஒரே வண்டியில வீட்டுக்குப் போனாங்க.

நீங்க மறைக்கிறதா நினைக்கிறது எல்லாம் உங்க பையனுக்கும் தெரியும். அதனால ‘நீ மட்டும் குடிக்கலையா’ன்னு அவன் கேட்டதுக்கு பதில் சொல்லுங்க, 12 நாள் கழிச்சுச் சொன்னாலும் பதில் பதில்தான். என்னைக்குமே நான் வசனம் எழுதிக் குடுக்குறதில்ல, ஆனா நீங்க வாய் வரலன்னு எழுதியிருக்கதால ஒரு மாதிரிக்குச் சொல்றேன், உங்க பாணியில மாத்திக்கங்க. ‘ஆமாடா, குடிக்கிறேன். எத்தனையோ தடவ விடணும்னு நினைச்சு விட முடியல. அது எனக்கு அசிங்கமா இருக்கு. உன்ன அடிச்சது தப்பு, எம்மேல இருந்த கோவத்த உம்மேல காட்டிட்டேன். நான் குடிக்கிறதால நீ குடிக்கலாம்னு ஆகாது, உனக்கு 16 வயசு, நம்ம குடும்பத்துல சின்னத் தாத்தா எப்படிப் போனாருன்னு நான் சொல்றேன் கேளு.’ இவ்வளவுதான். சொல்லிட்டு அவன் உடனே மனசு மாறணும்னு எதிர்பாக்காதீங்க. ‘ம்’னு சொல்லிட்டு போனை எடுத்துக்கிட்டு போயிருவான். போகட்டும், அந்த ‘ம்’ போதும்.

பெல்ட்டப் பத்தி ஒரே வரி. அடி வாங்குன பையன் குடிக்கிறத விட மாட்டான், வீட்டுக்கு வர்றத விடுவான். அடுத்த தடவ குடிச்சா திண்ணைக்கு வர மாட்டான், கம்மாக்கரையிலயோ எவன் வீட்டு மொட்டை மாடியிலயோ படுத்துருவான், அங்க அவனப் பாத்துக்க யாரும் இருக்க மாட்டாங்க. உங்க திண்ணைக்கு அவன் வந்து சேந்ததுக்கு நான் சாமியக் கும்பிடுறேன்.

அந்த ராத்திரியப் பத்தியும் சொல்லியாகணும், ஏன்னா இத யாரும் சொல்லித் தர்றதில்ல. மட்டையானவன மல்லாக்கப் படுக்க வைக்கவே கூடாது. வாந்தி மூச்சுக்குழாயில போயி அடைச்சு உசுரே போயிரும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மேல்கால மடக்கி, வாய் கீழ பாத்த மாதிரி இருக்கணும். எலுமிச்சைச் சாறு, மோரு, உப்புத்தண்ணி எதையும் ஊத்தக் கூடாது, விரல விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, தலையில பச்சத்தண்ணி ஊத்தக் கூடாது. யாராச்சும் ஒருத்தர் பக்கத்துலயே முழிச்சிருக்கணும். எழுப்பி எழுப்பிப் பாத்தும் எந்திக்கல, மூச்சு விட்டு விட்டு வருது, உதடு நீலமாகுது, உடம்பு சில்லுன்னு இருக்கு, வலிப்பு வருதுன்னா ஒரு நிமிசம் யோசிக்காம 108க்கு அடிச்சிரணும், ஊர் என்ன சொல்லும்னு பாக்கக் கூடாது. பையனுக்கும் இதச் சொல்லிக் குடுங்க, அவன் சேக்காளி எவனாச்சும் விழுந்தா அவனாவது சரியாப் படுக்க வைப்பான். இதச் சொன்னா குடிக்கச் சொன்ன மாதிரி ஆகாதான்னு கேக்குறவங்க உண்டு, ஆகாது.

பைக் சாவிய இன்னைக்கே எடுத்து வச்சிருங்க. 18 ஆகாத புள்ளை கியர் வண்டி ஓட்டி மாட்டுனா பெத்தவருக்குத்தான் மூணு வருசம் வரைக்கும் ஜெயிலும் 25,000 ரூபாய் அபராதமும், வண்டி ஆர்.சி. ஒரு வருசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசன்ஸ் கிடையாதுன்னு 2019ல சட்டத்த மாத்திட்டாங்க. அத விடுங்க, வாடிப்பட்டியில இருக்கவருக்கு நாலுவழிச் சாலையப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல.

உங்க சினேகிதரு சொன்னது, வீட்டுலயே குடுக்குறது. நல்லெண்ணத்துலதான் சொல்லியிருப்பாரு, படிச்சவங்க நிறையப் பேரு இப்ப இப்படிச் சொல்றாங்க. ஆனா அது சரியா வரல. ஆஸ்திரேலியாவுல 1900க்கு மேல பசங்கள ஆறு வருசம் தொடர்ந்து கவனிச்சு 2018ல முடிவச் சொன்னாங்க, பெத்தவங்க கையால குடுத்தா அது ஒரு பாதுகாப்பும் இல்ல, அந்தப் புள்ளைங்க வெளியில வாங்கிக் குடிக்கிறதும் சேர்ந்து கூடத்தான் செஞ்சுச்சுன்னு. உங்க வீட்டுக்கு அந்த ஆய்வே வேணாம், வீட்டு ஆள் கையாலதான் முதல் கப்பு கிடைச்சுது, அதோட நின்னானா? மிச்சத்தத் தேடித்தான போனான்.

ஹாஸ்டல் இப்ப வேணாம்னு உங்க வீட்டுல சொல்லுங்க. தண்டனையா அனுப்புனா, வீட்டுல தனக்கு இடமில்லன்னுதான் அவனுக்குப் படும், அங்கயும் பசங்க பசங்கதான். அந்தம்மா கோவம் நியாயமானது, அவங்க ஹாஸ்டல்னு சொல்றதுக்கு அர்த்தம் ‘இந்த வீட்டுல எம்புள்ளைக்கு பாதுகாப்பு இல்ல’ங்கிறது. மாமனாரோட பேசாம இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க, உங்களோட எப்படிப் பேசுறாங்கன்னு எழுதலையே. அதையும் யோசிங்க. இன்னொண்ணு, சோத்துல கலந்து குடுக்குற மருந்து, தெரியாமக் குடுத்தாலே குடிய மறக்கடிக்கும்னு விளம்பரம் வரும், உங்களுக்கோ பையனுக்கோ யாரும் அதக் குடுத்துறக் கூடாது. அதுல சில மருந்து உள்ள இருக்கப்ப குடிச்சா படபடப்பு வந்து ரத்த அழுத்தம் எறங்கி ஆளே போயிருவாங்க.

உங்க குடிக்கு வர்றேன். ஒரு கட்டிங்குன்னா 90 மில்லி. சனிக்கிழமை ஒரு குவார்ட்டர், நடுவுல ரெண்டு கட்டிங், ஆக வாரத்துக்கு ரெண்டு குவார்ட்டர், கிட்டத்தட்ட 120 கிராம் சாராயம். இதுதான் உண்மையான கணக்கா, இல்ல எனக்கு எழுதுறதுக்காகக் கொறச்ச கணக்கான்னு நீங்களே பாருங்க, எங்கிட்ட வர்ற பெரும்பாலானவங்க முதல் நாள் பாதியத்தான் சொல்லுவாங்க. காலையில கை நடுங்குது, வேர்க்குது, ஒரு மடக்கு உள்ள போனாத்தான் பட்டறையில கேஜ பிடிக்க முடியுதுன்னு இருந்தா திடீர்னு நிறுத்தாதீங்க, வலிப்பு வர வாய்ப்பிருக்கு, டாக்டர் மேற்பார்வையிலதான் நிறுத்தணும். அப்படி இல்லைன்னா இந்த சனிக்கிழமையில இருந்து நிறுத்திப் பாருங்க. முடியலைன்னா அதுவும் ஒரு தகவல்தான், வெக்கப்பட ஒண்ணுமில்ல, நம்ம பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, வெளிநோயாளியாப் போயே வைத்தியம் பாக்கலாம். மகன் கூட வரட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க, உனக்கு வைத்தியம்னு அவன மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. வர முடியாத நாள்ல 14416ன்னு டெலி மானஸ் நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. போதைக்குன்னே தனியா 14446 இருக்கு.

இவ்வளவு நேரம் ஆம்பளைங்க மூணு பேரப் பத்தியே பேசிட்டேன். உங்க கடிதத்துல எனக்கு ரொம்ப வலிச்ச இடம் வேற. எட்டாவது படிக்கிற பொண்ணு ராத்திரியில வாளியத் தூக்கிட்டு வந்து அண்ணன் வாந்தியக் கழுவியிருக்கா. அத நீங்க அவ பொறுப்பான புள்ளைன்னு சொல்ற மாதிரி ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க. யாரும் அவளக் கழுவச் சொல்லியிருக்க மாட்டீங்க, அவளாத்தான் செஞ்சிருப்பா, ஏன்னா இந்த வீட்டுல இதுக்கு முன்னாடியும் யாரோ கழுவுறத அவ பாத்திருக்கா. ‘ஆம்பளப் பய அப்படித்தான் இருப்பான்’னு தாத்தா சொன்ன வார்த்தைய உங்க மகன் மட்டும் கேக்கல, இவளும் கேட்டா. நாளைக்கு இவ ஒரு வீட்டுக்குப் போயி, குடிச்சுட்டு வர்றவன் முன்னாடி எவ்வளவு பொறுத்துக்கணும்னு இன்னைக்கே மனசுக்குள்ள ஒரு அளவு போட்டு வச்சிருப்பா. அவகிட்ட யாரும் இதப் பத்திப் பேசியிருக்க மாட்டீங்க, அவ தப்பு ஒண்ணும் பண்ணலையேன்னு. போயி பக்கத்துல உக்காந்து, அன்னைக்கு ராத்திரி உனக்கு பயமா இருந்துச்சான்னு கேளுங்க. இனி அந்த வேலை உன்னோடது இல்ல, அப்பா பாத்துக்கிறேன்னு சொல்லுங்க. மகனையும் அவகிட்ட மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க, அது அவனுக்கும் நல்லது, யாருக்கு என்ன ஆச்சுன்னு அவன் கண்ணால பாக்குறது அடிய விட ஆழமா எறங்கும்.

அடுத்த விசேசம் எப்பன்னு தெரியல, உங்க சொந்தத்துல ஏதாவது வரத்தான் செய்யும். அன்னைக்கு தாய்மாமன் வேலை இருந்தாலும் சரி, பையனுக்கு ஒரு பொறுப்பக் குடுத்து கூடவே வச்சுக்கங்க, பந்தி பரிமாறுறதோ மொய் நோட்டு எழுதுறதோ. பெரியாம்பளைங்க கூட்டத்துல ஒரு இடம் வேணும்னுதான் அந்தக் கப்ப வாங்குனான், அந்த இடத்த மொய் நோட்டுல குடுங்க. மொய் எழுதுறவன ஊரே பேர் சொல்லிக் கூப்புடும்.

அய்யாகிட்ட முதல்ல பேசுங்க, அப்புறம் மகன், அதே நாள்லயே சின்னவ. சித்தப்பாவப் பத்தி அய்யா என்ன சொன்னாருன்னு எனக்கு எழுதுங்க, அத வச்சுத்தான் அடுத்து என்ன பண்றதுன்னு சொல்ல முடியும்.